மூன்றாம் பீப்பாய்

கதவைத் திறந்தால் மைனஸ் இருபத்தெட்டும் கூடவே நுழைகிறது.
ஒரீசியா கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிக்கொண்டே
கடைசி வரிசைக்குப் போய் நிற்கிறாள்,
மூட்டுப் பொடிகள் இருக்கும் அலமாரி முன்.
நாண்டனில் கல்கரி சாலையோரத் தீவனக்கடை.
கல்லாவில் நான்.

வாளி வாளியாய் ஒன்பது வகை.
எல்லா மூடியிலும் ஒரே குதிரை
ஒரே வேலியை ஒரே உயரத்தில் தாண்டுகிறது.
எதுவும் நொண்டவில்லை.

அவளுடையது நொண்டுகிறதா என்றால், இல்லை.
அதுதான் சிக்கல்.
சினூக்குக்குப் பதினான்கு வயது, செம்பழுப்பு.
மலையிறங்கி வந்து ஒரே இரவில் பனியைத் தின்றுவிடும்
காற்றின் பெயர் அதற்கு.
முதல் பீப்பாயை வலமாய்ச் சுற்றும், பழையபடி.
இரண்டாவது இடமாய், குறையில்லை.
மூன்றாவதில்
பின்னங்காலில் அமர்ந்து திரும்பவேண்டிய இடத்தில்
ஒரு நினைப்பு நினைக்கிறது.
அவ்வளவுதான். ஒரு நினைப்பு.
கடிகாரத்தில் விநாடியில் பத்தில் மூன்று.

டாக்டர் பெங்ட்சன் காலை மடக்கி
ஒரு நிமிடம் பிடித்து, விட்டு, ஓட்டிக் காட்டச் சொன்னாராம்.
நான்கு எட்டு கோணல், ஐந்தாவது நேர்.
"வயசு" என்றாராம். "ஊசி போடலாம்,
போடாமலும் பார்க்கலாம்.
பொடி என்றால்…" தோளைக் குலுக்கினாராம்.
அந்தத் தோள்குலுக்கலைத்தான் அவள்
என் கடைக்கு எடுத்து வந்திருக்கிறாள்,
விலை கேட்க.

பொடியெழுத்தைப் படிக்க என் கண்ணாடியை வாங்கிக்கொண்டாள்.
குளுக்கோசமைன்: நண்டு ஓடு.
காண்ட்ராய்ட்டின்: மாட்டின் மூச்சுக்குழல்.
சிரிக்கிறாள். கோடையெல்லாம்
கன்றுகளை விரட்டித் திரியும் குதிரைக்கு
மாட்டின் தொண்டையே மருந்தாம்.
பச்சைவிளிம்பு மட்டி, நியூசிலாந்திலிருந்து.
கடல் பார்க்காத குதிரை
கடலை நக்கப்போகிறது.

ஒன்றில் பேய்நகம், கலஹாரி மணலில் விளையும் வேர்.
இதற்கு வலி கேட்கும் என்கிறார்கள்.
கேட்பதால்தான்
அவள் சங்கத்தின் தடைப்பட்டியலில் இருக்கிறது.
அந்த வாளியைத் திருப்பிவைக்கிறாள்,
முகம் சுவர்ப்பக்கமாய்.
கேட்காதவற்றுக்கு விதி ஏதுமில்லை.

முப்பது நாளைக்கு நூற்றெண்பது டாலர்.
திறந்து முகர்ந்தால்
பாதிக்குமேல் குதிரைமசால் தூளும்
ஆப்பிள் வாசனையும்.

"நீயாக இருந்தால் எதைக் கொடுப்பாய், டெல்பர்ட்?"

எனக்கு இப்போது குதிரை இல்லை.
இருந்தபோது, அதோ, அந்தத் தங்கநிறத் தகரம்.
மேல்தட்டு, ஏணி போட்டு எடுக்கவேண்டும்.
இரண்டு குளிர்காலம் கொடுத்தேன்.
தின்றது குதிரை.
குணம் தெரிந்தது எனக்கு:
ஏதோ செய்துவிட்டோம் என்று
இரவில் தூக்கம் வந்தது.
இதைச் சொல்லலாமா?
ஒரு தகரத்தில் எனக்கு நாற்பது டாலர் நிற்கும்.

சொன்னேன், பாதியை.
"எதை எடுத்தாலும் ஒன்றை எடு.
லாடக்காரரை மாற்றாதே, புல்லை மாற்றாதே,
மணலைக் கிளறும் ஆழத்தைக்கூட மாற்றாதே.
அறுபது நாள் கழித்துக் கடிகாரத்தைக் கேள்."
மீதிப் பாதி வாய்வரை வந்து நின்றது,
மூன்றாம் பீப்பாயில் சினூக் போல.

படமில்லாத வெள்ளை வாளி ஒன்று,
எது எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் அச்சிட்டது.
அதை எடுத்துக்கொண்டு போனாள்.

ஏப்ரலில் உப்புக்கட்டி வாங்க வந்தாள்.
ஓட்ஸைத் தின்றுவிட்டுப்
பொடியை அடியில் விட்டுவிடுகிறதாம்.
வெல்லப்பாகு ஊற்றிக் குழைக்கிறாளாம்;
விரலிடுக்கில் இன்னும் பிசுபிசுப்பு.
நேரம் என்ன என்றேன்.
பத்தில் ஒன்று மீண்டிருக்கிறதாம்.
"பொடியா, வெயிலா, டெல்பர்ட்?"

கூரையிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது.
நேற்றிரவு காற்று திரும்பியிருந்தது.
இன்னொரு வெள்ளை வாளியை
இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.
ரசீது வேண்டாம் என்றாள்.